பிணியும் ஆறுதலும்

உடலைப் பற்றிய பிணி ஒன்று. அப்பிணியால் உள்ளத்தைப் பற்றும் அச்சம் மற்றொன்று. முன்னதை மருந்து தீர்க்கும். பின்னதைத் தணிக்க வல்லவை அன்பால் செய்யும் சிறு செயல்களே. அவற்றை வெறும் உபசாரம் என்று ஒதுக்குதல் தவறு. அவையும் மருத்துவத்தின் ஒரு கூறே ஆகும்.

மருத்துவமனையிற் புகுந்த ஒருவர் தம் உணவு, உடை, உறக்கம் ஆகிய அனைத்தையும் பிறர் கையில் ஒப்புவித்து விடுகிறார். அருகில் வருபவர் யார், அவர் செய்யப்போவது யாது என்பவற்றை அறியாமையே அவரைப் பெரிதும் வாட்டுகிறது. பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார், செவிலியர் பணி குறித்து 1859-ஆம் ஆண்டில் எழுதிய நூலில் இவ்வுண்மையை விளக்கியுள்ளார். ஐயமும் காத்திருத்தலும் உடலுழைப்பினும் மிகுதியாக நோயாளரை நலிவிக்கும் என்பது அவர் கருத்து. நோயாளர் இருக்கும் அறையிலேயே பிறர் தமக்குள் கிசுகிசுத்தலைக் கொடுமை என்று அவர் கடிந்தார். காண வந்தோர் நோயாளரின் பார்வைக்கு நேரே அமர வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

இங்கிலாந்து நாட்டு மருத்துவர் கேட் கிரேஞ்சர் என்பார் புற்றுநோயுற்று, 2013-ஆம் ஆண்டில் தாமே நோயாளராக மருத்துவமனையிற் படுத்திருந்தார். தம்மிடம் வந்தோருட் பலர் தம் பெயரைக்கூடச் சொல்லாமை அவர் உள்ளத்தை உறுத்தியது. ‘வணக்கம், என் பெயர் இன்னது’ என்று சொல்லிப் பணியைத் தொடங்கும் வழக்கத்தை எங்கும் பரப்ப அவர் முயன்றார். 2016-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய வழக்கமோ மறையவில்லை.

‘கூட்டம் மிகுந்த மருத்துவமனையில் இவற்றிற்கு நேரம் ஏது?’ எனச் சிலர் வினவலாம். செவிலியர் தாங்கும் சுமை பெரிது என்பது மெய்யே. ஆயினும், பெயர் சொல்ல ஒரு நொடி போதும். ஊசி போடுமுன் ‘சிறிது வலிக்கும்’ என்று உரைத்தற்கும் அவ்வளவே வேண்டும். தண்ணீர்க் குவளையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தற்குப் பொருட்செலவு யாதும் இல்லை.

நலம் உசாவச் செல்வோர்க்கும் கடமை உண்டு. ‘இந்நோயால் இன்னார் இறந்தார்’ என்று கதை கூறுதல் தகாது. நோயின் தன்மையை அறியாது ‘ஒன்றும் இல்லை’ எனப் பொய்த்துணிவு ஊட்டுதலும் தகாது. சிறிது நேரம் அமர்ந்து, அவர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டு, வீட்டுச் செய்தி இரண்டொன்று கூறி மீளுதலே நன்று.

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது, நோயாளர், மருத்துவர், மருந்து என்பவற்றோடு, அருகிருந்து துணைசெய்வோரையும் ஒரு கூறாக வைத்தார். முதல் மூன்றையும் நாடிப் பெரும்பொருள் செலவிடும் உலகம், நான்காவதை மறத்தல் ஆகாது. அதற்கு வேண்டுவது பட்டமும் பொருளும் அல்ல. பிறர் துன்பத்தைத் தம் துன்பம்போல் உணரும் நெஞ்சமே.