ஆந்தை மேல பழி, கதவு மட்டும் திறந்தபடி

கோழி காணாமப் போனா எங்க ஊர்ல முதல் குற்றவாளி ஆந்தைதான். எடுத்ததை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. ராத்திரி அலறுச்சு, காலையில கோழியைக் காணோம், அவ்வளவுதான் சாட்சி. இப்போ டவுன்ல இருந்து வந்து தோட்டத்துல வீடு கட்டியிருக்கிறவங்களும் அதே தீர்ப்பை எழுத ஆரம்பிச்சிட்டாங்க. போன மாசம் அப்படி ஒருத்தர் என்கிட்ட கேட்டார்: "ஆந்தைக்கு என்னங்க மருந்து வைக்கிறது?"

ஆந்தைக்கு மருந்து வேண்டாங்க. உங்க கோழிக்கூட்டுக்கு ஒரு கதவு போடுங்க.

முதல்ல ஆந்தை என்று எதைச் சொல்றோம் என்பதைப் பார்ப்போம். சாயங்காலம் மின்கம்பத்துல உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டி நம்மைப் பார்க்குமே, அது புள்ளி ஆந்தை. உள்ளங்கையில அடங்கிவிடும். வண்டு, வெட்டுக்கிளி, சுண்டெலி, இதுதான் அதற்குச் சாப்பாடு. பாழடைஞ்ச வீடு, கோயில் கோபுரம், கிணத்துப் பொந்து இங்கெல்லாம் இருக்கிற வெள்ளை மூஞ்சிக் கூகை, நம்ம ஆட்கள் சாவுக்குருவி என்று கல்லெறியுறது, எடை போட்டா அரைக் கிலோ தேறினால் பெரிசு. ஒன்றரைக் கிலோ பெட்டைக்கோழியை அது எப்படித் தூக்கிட்டுப் போகும்? கரடு, பாறை இருக்கிற பக்கம் கொம்பன் ஆந்தை இருக்கு. அது பெரிய பறவை. மரக்கிளையில வெளியே அடைகிற கோழியை அடிக்கும், இல்லைன்னு சொல்லலை. ஆனா அதுவும் தாழ்ப்பாளைத் திறக்காது, மண்ணைத் தோண்டாது, ஓட்டைப் பிரிக்காது. மூடின கூட்டுக்குள்ள எந்த ஆந்தையும் வந்ததில்லை.

நம்பிக்கை இல்லைன்னா கூகை தங்குற இடத்துக்குக் கீழே போய்ப் பாருங்க. கட்டைவிரல் தடிமனில் கறுப்பா உருண்டைகள் கிடக்கும். எலியை முழுசா விழுங்கிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் அது திரும்பக் கக்கிப் போடுறது அது. தண்ணியில ஊறவெச்சுப் பிரிச்சா மண்டையோடு வரும், மஞ்சள் பல்லோட. நான் பிரிச்ச உருண்டைகளில் இருந்தது எலியும் மூஞ்சூறும்தான். நெல் வயல்ல ஆந்தை வந்து உட்காரட்டும் என்றே குச்சி நட்டு வைக்கிற விவசாயிகள் இருக்காங்க. வேளாண்மைத் துறையும் அதைத்தான் சொல்லுது. சம்பளம் வாங்காத ராத்திரிக் காவல்காரனைக் கொன்னுட்டு, அப்புறம் எலி கடலையைத் தின்னுடுச்சுன்னு அழுவோம்.

அப்போ கோழியை எடுக்கிறது யாரு? ஊர்ப்பூனை, காட்டுப்பூனை, மரநாய், தெருநாய், சில இடத்துல நரி. குஞ்சுக்கும் முட்டைக்கும் பாம்பும் பெருச்சாளியும். எங்க பக்கத்துத் தோட்டத்துல ஒரு அக்கா வளர்த்த கோழிகள் ஒரு வாரத்துல நாலு போச்சு. பையனுங்க பனைமரத்துக் கூகைப் பொந்தைக் கலைச்சு விரட்டினாங்க. ரெண்டாம் நாளே அஞ்சாவது கோழி போச்சு. கூரைக்கு மேல ஏறிப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, ஓடு ஒண்ணு நகர்ந்து இருந்தது, ஓரத்துல மரநாய் எச்சம். ஓட்டைச் சரி பண்ணி உள்பக்கம் கம்பிவலை அடிச்சதோட கோழி போறது நின்னுச்சு. கூகை மட்டும் திரும்பி வரலை.

அந்த அக்காவுக்கு முட்டை விற்ற காசுதான் கைச்செலவு. முட்டைக்கோழி ஒண்ணு போனா ஒரு நாள் கூலி போன மாதிரி. அந்த வயித்தெரிச்சல் எனக்குப் புரியுது. ஆனா வயித்தெரிச்சலை ஆந்தை மேல காட்டினா அஞ்சாவது கோழியும் போகும்.

இன்னொரு கூட்டம் இருக்கு. "கூட்டுல அடைக்கிறது கொடுமைங்க, நாட்டுக்கோழி இயற்கையா மரத்துலதானே தூங்கும்" என்பாங்க. பகல் பூரா அவிழ்த்து விடுங்க, யார் வேண்டாம்னது? குப்பையைக் கிளறட்டும், மண்ணுல குளிக்கட்டும். ஆனா கோழிக்கு ராத்திரியில கண்ணு சரியாத் தெரியாது. இருட்டின பிறகு கையால தூக்கினாக்கூட சும்மா இருக்கும். அதைக் கிளையில விட்டுட்டு நாம உள்ளே கதவைத் தாழ்போட்டுத் தூங்குறது சுதந்திரம் கொடுக்கிறதா? நம்ம பாட்டிமார் யாரும் அப்படி விட்டதில்லை. பொழுது சாய்ஞ்சா பஞ்சாரத்தைக் கவுத்து மேல ஒரு கல்லு வைப்பாங்க. எங்க பக்கம் அதைக் கொடாப்பு என்போம். அந்தக் கல்லுதான் நாட்டுக்கோழி வளர்ப்பு.

செய்ய வேண்டியது அதிகமில்லை. கூடு தரையில இருந்து ரெண்டடி உயரத்துல இருக்கட்டும். தரையோடதான் கட்டியாகணும்னா சுத்தி ஒரு அடி ஆழம் வலையைப் புதைங்க, நாயும் பெருச்சாளியும் தோண்டாது. கடையில கோழிவலைன்னு தர்ற மெல்லிய அறுகோண வலை, கோழி வெளியே போகாமத் தடுக்கும். நாய் உள்ளே வராமத் தடுக்காது. அரை இஞ்சுக் கண் வெல்டு மெஷ் வாங்குங்க. சும்மா சாத்துற கதவைப் பூனை நகத்தால இழுத்துத் திறக்கும், அதனால தாழ்ப்பாளோட ஒரு கொக்கியும் வேணும். கூரையில இடைவெளி இருக்கக் கூடாது, காத்துக்கு மேல்பக்கம் வலை அடிச்ச ஜன்னல் போதும். மரத்துல அடைகிற கோழிகளை ஒரு வாரம் சாயங்காலம் கூட்டுக்குள்ள கொஞ்சம் தீனி போட்டுப் பழக்குங்க. அப்புறம் பொழுது சாய்ஞ்சா தானே வந்து ஏறும். எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்த ரெண்டு நிமிஷம்.

இந்த ரெண்டு நிமிஷத்துக்குச் சோம்பல் பட்டுத்தான் சிலர் செத்த கோழியில குருணை மருந்தைத் தடவி வைக்கிறாங்க. அதை ஆந்தை தின்னுமோ தின்னாதோ, பக்கத்து வீட்டு நாய் தின்னும், காக்கா தின்னும், அந்த நாயைப் புள்ளைங்க தொட்டு விளையாடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிக்கிறதும் கொல்றதும் குற்றம். மரநாய்க்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. சட்டத்துக்குப் பயந்து விடுங்கன்னு சொல்லலை. கோழியை வளர்க்கிறது நாம, ஆந்தை இல்லை. அதைக் காப்பாத்துற பொறுப்பும் நம்மோடதுதான்.

கோழி வாங்கணும்னு ஆசைப்படுற டவுன் நண்பர்கள், கோழிக்கு முன்னாடி கூட்டைக் கட்டிடுங்க. வாரக்கடைசிக்கு மட்டும் தோட்டத்துக்கு வர்றவங்க, மத்த நாள் சாயங்காலம் கதவைச் சாத்த ஒரு ஆளைப் பேசி வைங்க. ரெண்டும் முடியாதுன்னா முட்டையை அந்த அக்காகிட்ட வாங்கிக்கோங்க, பேரம் பேசாம.