வெற்று ஓட்டத்தின் விலை

விடியற்காலை ஐந்து மணிக்குப் பெங்களூரிலிருந்து தில்லிக்கு விமானம் ஏற வேண்டிய ஒருவர், இரவு இரண்டு மணிக்கே பெட்டியோடு வாசலில் நிற்கிறார். முந்தின நாளே செயலியில் வாடகைக் காருக்குப் பதிவு செய்தாயிற்று. கட்டணமும் திரையில் தெரிந்துவிட்டது. ஓட்டுநரிடமிருந்து அழைப்பு வருகிறது. எங்கே போக வேண்டும், உங்களுக்கு எவ்வளவு காட்டுகிறது, ரொக்கமா இணையவழியா என்று மூன்று கேள்விகள் கேட்கிறார். பதில் சொல்லி முடித்த மறு நிமிடம் சவாரி ரத்தாகிவிடுகிறது. அடுத்த கார் கிடைக்க இருபது நிமிடம் ஆகிறது, கட்டணமும் கூடிவிடுகிறது. பயணி ஓட்டுநர்களின் குலத்தையே சபித்துக்கொண்டு புறப்படுகிறார்.

ஹைதராபாத்திலும் மும்பையிலும் தில்லியிலும் அன்றாடம் நடக்கும் காட்சிதான் இது. மாநாட்டுக்கும் கூட்டத்துக்கும் விமானத்தில் சென்று வரும் நம் தோழர்கள் பலரும் இதில் பயணியின் இடத்தில் நின்றிருப்பார்கள், சபித்தவர்களும் இருக்கக்கூடும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருப்பவரின் கணக்கு நமக்குத் தெரிவதில்லை. அதை ஒருமுறை போட்டுப் பார்ப்போம்.

பெங்களூர் நகரின் நடுப்பகுதியிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். பயணி செலுத்துவது 1,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உண்மையில் அந்தத் தொகை மணிக்கு மணி மாறும். நிறுவனம் 20 விழுக்காடு எடுத்துக்கொண்டால் ஓட்டுநருக்கு 800 ரூபாய். பயணி இருக்குமிடம் தேடி வந்தது, விமான நிலையத்துக்குச் சென்றது, காலியாகத் திரும்புவது எல்லாம் சேர்த்தால் 75 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஐந்து லிட்டர் டீசல். அதற்கே 450 ரூபாய் போய்விடும். மீதி 350. இதற்குள்தான் வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ கட்ட வேண்டிய மாதத் தவணை, காப்பீடு, பர்மிட், டயர், பழுதுபார்ப்பு, இவையெல்லாம் போக மிஞ்சினால் அரிசி, பருப்பு. காலியாகத் திரும்ப மனமில்லை என்றால், விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் செயலி காட்டும் வரிசை எண்ணைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்க வேண்டும். அந்த நேரத்துக்கு ஒரு பைசாகூடக் கூலி கிடையாது.

காலியாக ஓடும் இந்தத் தூரத்தை ஓட்டுநர்கள் ‘எம்ப்டி’ என்கிறார்கள். நாம் வெற்று ஓட்டம் என்று எழுதுகிறோம். பயணியின் திரையிலும் நிறுவனத்தின் வரவு செலவிலும் அது இல்லை. டீசலாகவும் தூக்கமின்மையாகவும் ஓட்டுநரின் கணக்கில் மட்டுமே அது எழுதப்படுகிறது. அந்த மூன்று கேள்விகளும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை.

இவ்வளவு தொலைவு ஏன் என்ற கேள்விக்குப் பதில் 2004இல் இருக்கிறது. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் புதிய விமான நிலையங்கள் அமைக்க அந்த ஆண்டு தனியார் கூட்டமைப்புகளுடன் கையெழுத்தான சலுகை ஒப்பந்தங்கள், 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 25 ஆண்டுகளுக்குப் போட்டி விமான நிலையம் கூடாது என்று உறுதியளித்தன. அரசுக்குச் சலுகைக் கட்டணமாக வருவது மொத்த வருவாயில் 4 விழுக்காடுதான். 2008இல் ஷம்சாபாத்தும் தேவனஹள்ளியும் திறக்கப்பட்டபோது, நகருக்குள் நன்றாக இயங்கிக்கொண்டிருந்த பேகம்பேட்டையும் எச்.ஏ.எல். விமான நிலையமும் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டன. அதை எதிர்த்து அந்த மார்ச் மாதத்தில் விமான நிலைய ஆணைய ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்றைய ஏடுகள் அவர்களை வளர்ச்சியின் எதிரிகள் என்று ஏசின. ஒப்பந்தங்கள் இறுதியானபோது ஆட்சியில் இருந்தது இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரித்த அரசு என்பதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். எதிர்த்தோம், தடுக்க முடியவில்லை.

தூரத்தை உருவாக்கியவர்கள் அந்தத் தூரத்தைக் கடக்கும் வழியிலும் காசு பார்க்கிறார்கள். கார் நிறுத்தக் கட்டணம், வாடகைக் கார் நிறுவனங்களிடம் பெறும் உரிமத் தொகை, கடை வாடகை போன்றவை விமானப் போக்குவரத்து சாராத வருவாய் என்ற இனத்தில் வருகின்றன. 2016ஆம் ஆண்டின் தேசிய சிவில் விமானப் போக்குவரத்துக் கொள்கைப்படி, இந்த வருவாயில் 30 விழுக்காட்டை மட்டுமே பயணிகள் மீதான விமான நிலையக் கட்டணங்களைக் குறைப்பதற்குக் கணக்கில் எடுத்துக்கொண்டால் போதும். எனவே விமான நிலைய முதலாளிக்கு விமானம் இறங்கும் ஓடுபாதையைவிடக் கார் நிற்கும் தரை இனிக்கிறது. 2019 ஏலத்தில் ஆறு விமான நிலையங்களை ஒரே குழுமமான அதானி வென்றது. திருவனந்தபுரத்துக்குக் கேரள அரசின் நிறுவனம் பயணி ஒருவருக்கு 135 ரூபாய் தர முன்வந்தும், 168 ரூபாய் என்று கேட்டவருக்கே ஐம்பது ஆண்டுகளுக்குத் தாரை வார்க்கப்பட்டது. 2021இல் மும்பையும் அதே கைக்குப் போனது. வாசலில் யார் நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், அதற்கு என்ன விலை என்பதையெல்லாம் தீர்மானிக்கும் அதிகாரமும் இந்த ஒப்பந்தங்களோடு சேர்ந்தே கைமாறுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? ஒன்றிய அரசு 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், தேவை மிகுந்த நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல் ஒன்றரை மடங்கு வரை வசூலிக்க அனுமதித்தன. 2025 ஜூலையில் வந்த புதிய வழிகாட்டுதல்கள் அதை இரண்டு மடங்காக்கின. கீழ் எல்லை அடிப்படைக் கட்டணத்தில் பாதி. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே விலையை எந்த நொடியில் எங்கே நிறுத்துவது என்பது நிறுவனத்தின் கணிப்பொறிக்கு விடப்பட்டுள்ளது. சொந்தக் கார் வைத்திருக்கும் ஓட்டுநருக்குக் கட்டணத்தில் 80 விழுக்காடாவது தர வேண்டும் என்ற விதி நல்லதுதான். ஆனால் எதில் 80 விழுக்காடு? பாதியாகக் குறைக்கப்பட்ட கட்டணத்திலும் அது 80 விழுக்காடுதான். மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான சவாரிகள் தவிர மற்றவற்றில் வெற்று ஓட்டத்துக்காகப் பயணியிடம் பணம் பெறக் கூடாது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. அப்படியானால் அதை யார் தருவது? நிறுவனம் தர வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. தக்க காரணமின்றிச் சவாரியை ரத்து செய்தால் கட்டணத்தில் 10 விழுக்காடு, உச்சமாக 100 ரூபாய், அபராதம் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. போதுமான கூலி கிடைக்காது என்பது தக்க காரணம்தானா என்று ஓட்டுநர் எந்த அதிகாரியிடம் கேட்பார்?

இங்கே மொழிபெயர்ப்பு மேசையிலிருந்து ஒரு சொல். இந்த நிறுவனங்களின் ஆவணங்களைத் தமிழாக்கும்போது நம்மை எப்போதும் தடுக்கிவிடும் சொல் ‘பார்ட்னர்’. ஓட்டுநரை அவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். கூட்டாளி என்று எழுதினால் அது பொய். 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒரு தொழிலின் லாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டவர்களே கூட்டாளிகள். லாபம் எவ்வளவு என்பதே தெரியாதவர், கட்டணத்தை நிர்ணயிப்பதில் குரல் இல்லாதவர், எந்த விளக்கமுமின்றி ஒரு காலையில் தன் கணக்கு முடக்கப்பட்டதைக் கண்டு திகைப்பவர் எவ்வகையில் கூட்டாளி? தொழிலாளி என்று எழுதினால் பொருள் சரி, சட்டம் ஏற்காது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ‘கிக்’ தொழிலாளரை வரையறுக்கும்போதே வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர் என்கிறது. அந்த ஒற்றைத் தொடரால் குறைந்தபட்ச ஊதியம், வேலை நேரம், வேலைநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு அனைத்தும் வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன. அதற்கு ஈடாக, நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டை ஒரு நல நிதிக்குத் தரவேண்டும். அதுவும் தொழிலாளர்களுக்கு வழங்கும் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்ட வேண்டியதில்லை. நிதி ஆயோக்கின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, இத்தகைய தொழிலாளர்கள் 2020-21இல் 77 லட்சம் என்றும் 2029-30இல் 2.35 கோடியாவார்கள் என்றும் மதிப்பிட்டது. இத்தனை பேரையும் தொழிலாளர் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சீர்திருத்தம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

உறவு மறுக்கப்பட்டாலும் முரண்பாடு மறைந்துவிடவில்லை. லண்டன் ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்றும் செயலியில் உள்நுழைந்து சவாரிக்குத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்றும் தீர்ப்பளித்தது. அந்த அளவுகோலை விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடத்துக்குப் பொருத்திப் பார்த்தால் காத்திருப்பின் கணக்கே மாறிவிடும். அதே ஆண்டு செயலி வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு நம் உச்ச நீதிமன்றத்திலும் மனுத் தாக்கல் செய்தது. ஹைதராபாத் ஓட்டுநர்கள் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று 2024 கோடையில் ஏசி போட மறுத்தார்கள். 2025 மார்ச்சில் விமான நிலையச் சவாரிகளையே புறக்கணித்தார்கள். மும்பை ஓட்டுநர்கள் 2025 ஜூலையில் ஆசாத் மைதானத்தில் திரண்டார்கள். அதன் பிறகே மகாராஷ்டிர அரசு கிலோமீட்டருக்குக் கட்டணம் அறிவிக்கும் நிலைக்கு வந்தது. போராட்டங்கள் மட்டுமல்ல, இழப்புகளும் உண்டு. 2021 மார்ச்சில் தேவனஹள்ளி விமான நிலைய வளாகத்தில் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வருமானம் வீழ்ந்து கடன் சூழ்ந்ததே காரணம் என்று சக ஓட்டுநர்கள் அன்று கூறினார்கள். ஒரு நாள் செய்தியாக அது முடிந்துபோனது.

அதே தேவனஹள்ளியில்தான், விண்வெளித் தொழிற்பூங்காவுக்காக 1,777 ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்படுவதை எதிர்த்துச் சன்னராயபட்டணா விவசாயிகள் ஆயிரம் நாட்களுக்கு மேல் போராடி, 2025 ஜூலையில் வென்றார்கள். விமான நிலையச் சாலையில் காரோட்டும் ஓட்டுநரும் அந்தச் சாலையோரத்து விவசாயியும் ஒரே மேடையில் நிற்க வேண்டியவர்கள்.

மாற்று இல்லையா என்று தோழர்கள் கேட்கிறார்கள். கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு 2022 ஆகஸ்டில் ‘கேரள சவாரி’யைத் தொடங்கியது, ஓர் அரசே நடத்தும் வாடகை வண்டிச் செயலி நாட்டில் அதுவே முதல். தொடங்கியபோது சேவைக் கட்டணம் 8 விழுக்காடாக இருந்தது. நெரிசல் நேரத்தில் திடீர் விலையேற்றம் கிடையாது. அது எதிர்பார்த்த வேகத்தில் பரவவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நட்டத்தைத் தாங்கிக்கொண்டு தள்ளுபடி அள்ளி வீசும் மூலதனத்தோடு ஒரு மாநிலத் தொழிலாளர் துறை தனியாக மோதுவது எளிதன்று. ஒன்றிய அரசும் கூட்டுறவு வாடகைக் கார் என்று 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அறிவித்தது; அமுல், இஃப்கோ போன்ற பெரிய கூட்டுறவு நிறுவனங்கள் அதற்குப் பின்னால் நிற்கின்றன. கூட்டுறவு என்ற சொல்லுக்கு நாம் பகை இல்லை. கட்டணத்தை நிர்ணயிக்கும் கூட்டத்தில் ஓட்டுநருக்கு எத்தனை வாக்கு என்று மட்டும் கேட்போம். தரகு இல்லை, நாள்தோறும் ஒரு சிறு சந்தா மட்டும் என்று சில நிறுவனங்கள் இப்போது புது வழிக்கு மாறியுள்ளன. ஓட்டுநர்களுக்கு அதில் உடனடி நிம்மதி இருப்பது உண்மை. நாங்கள் மென்பொருள் விற்பவர்கள் மட்டுமே, சவாரிக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை என்று கைகழுவ அதே மாதிரி உதவுகிறது என்பதும் உண்மை.

பயணிகளைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். செயலிகள் வருமுன் சில ஊர்களில் விமான நிலைய வாசலில் நின்ற கார்கள் வாய்க்கு வந்த தொகையைக் கேட்டன. நடுத்தர வர்க்கம் செயலியை வரவேற்றதற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம். மீட்டர் இல்லாத பழைய ஏற்பாட்டுக்குத் திரும்புவதை எந்தத் தொழிற்சங்கமும் கோரிக்கையாக வைக்கக் கூடாது. வளைகுடாவுக்குப் போகும் கட்டடத் தொழிலாளியும், கைக்குழந்தையோடு ஊர் திரும்பும் செவிலியரும் பயணிகள்தாம். அவர்களுக்கு முதலில் வேண்டியது பேருந்தும் ரயிலும். தில்லியின் விமான நிலைய விரைவு மெட்ரோவை நடத்த முடியாது என்று ரிலையன்ஸ் நிறுவனம் 2013இல் கைவிட்டுப் போனபோது, பொதுத்துறையான தில்லி மெட்ரோ ஏற்று நடத்தி நிலைநிறுத்தியது. சென்னையில் 2016 முதல் மெட்ரோ விமான நிலையம் வரை செல்கிறது. பெங்களூர் விமான நிலையம் திறந்து எத்தனையோ ஆண்டுகளாகியும் மெட்ரோ பாதை கட்டுமானத்திலேயே இருக்க, பேருந்துகள்தாம் சாமானியப் பயணிக்குத் துணை.

வழிகாட்டுதல்களை ஏற்று விதிகளாக்குவதும் அடிப்படைக் கட்டணத்தை நிர்ணயிப்பதும் மாநில அரசுகளின் கையில் உள்ளன. எனவே கோரிக்கையை இரண்டு இடங்களிலும் வைக்க வேண்டியுள்ளது. மாநிலங்களில், விமான நிலையச் சவாரிக்குத் தனி அடிப்படைக் கட்டணம். அதில் திரும்பும் தூரத்துக்கும் காத்திருப்புக்கும் நிறுவனம் தரவேண்டிய பங்கு. முத்தரப்புக் குழுவில் விசாரிக்காமல் எந்த ஓட்டுநரின் கணக்கையும் முடக்கக் கூடாது என்ற விதி. கார் நிறுத்துமிடத்தில் கழிப்பறை, குடிநீர், நிழல். தில்லியில், முதலாளி-தொழிலாளி உறவை மறுக்கும் அந்த வரையறையை நீக்குதல்.

பெங்களூர், மும்பை, தில்லி, ஹைதராபாத் நகரங்களிலுள்ள நம் தமிழ்க் கிளைகளுக்கு உடனடி வேலை ஒன்று இருக்கிறது. விமான நிலையச் சவாரி ஒன்றை முடித்ததும், பயணியின் திரையில் தெரியும் தொகையையும் ஓட்டுநரின் திரையில் தெரியும் தொகையையும் அருகருகே குறித்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், தூரம், காத்திருந்த மணி ஆகியவற்றையும் எழுதுங்கள். ஓட்டுநரின் பெயர் வேண்டாம். இத்தகைய குறிப்புகள் கிளைக்கு நூறு சேர்ந்தால் போதும். கட்டண விசாரணைக்கு மாநில அதிகாரி அழைக்கும்போது சங்கம் வெறுங்கையோடு போக நேராது.