எனக்கு ஐ.பி.எஸ்.!

மார்ச் மாதம் வந்தால் உங்களுக்கெல்லாம் எப்படியோ, எனக்கு வயிறு கலங்கும். வீடு தா.பழூர், ஆபீஸ் ஜெயங்கொண்டம். கணக்கு முடிக்கிற மாதம். காலையில் பஸ் ஏறும்போதே மானேஜரின் முகம் மனக்கண்ணில் வரும். அடிவயிற்றில் ஒரு பிசைவு. இறங்கி வீட்டுக்கு ஓடித் திரும்பினால் பஸ் போயிருக்கும். லேட்டாகப் போனால் மானேஜர் கத்துவார். அவர் கத்தினால்... மறுபடி முதல் வரியிலிருந்து படியுங்கள்.

கொள்ளிடம் பாலம் தாண்டி, கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். "உங்களுக்கு ஐ.பி.எஸ்." என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கேட்டாள்: "எந்த ஊர்லடா போஸ்டிங்?"

போலீஸ் இல்லை ஸார், இது குடல். மூளைக்கும் குடலுக்கும் நேரடி லைன் உண்டு. மனசு பதறினால் குடலும் பதறும். சிலருக்குக் குடல் சுவரில் லேசான அழற்சியும் இருக்கும். டாக்டர் 'புரோபயாடிக்' என்று ஒரு மாத்திரை எழுதினார். உள்ளே உயிரோடு நல்ல பாக்டீரியா. நம்ம வீட்டுத் தயிரின் பட்டணத்துத் தம்பி.

என் மனைவியும் அடிக்கடி "வயித்த வலிக்குதுங்க" என்பாள். தாராள மனசோடு, "நீயும் தினம் ஒண்ணு போட்டுக்கோ" என்றேன். ஒரு மாதம் ஆனது. எனக்குத் தேவலை. அவளுக்கு? "உங்க மாத்திரை உங்களுக்குத்தான் கேக்குது."

ரெண்டு பேரை வைத்து விஞ்ஞானம் பண்ண முடியாதுதான். ஆனாலும் அரித்தது. தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிடியில் எலிகளுக்கு லாக்டோபேசில்லஸ் ரூட்டரி என்ற பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். 2013-ல் வந்த முடிவு: ஆண் எலிகளுக்கு எலும்பு கெட்டிப்பட்டது, பெண் எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிற்பாடு, உடம்பில் அழற்சி இருந்த பெண் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இப்போது வேலை செய்தது! அதே பாக்டீரியாதான். ஆணா பெண்ணா என்பதும், உடம்பு அப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதும் கணக்கில் வருகிறது.

இன்னொன்று. அயர்லாந்தில் கார்க் நகரத்து விஞ்ஞானிகள் 2011-ல் ஒரு பாக்டீரியாவை ஆண் எலிகளுக்குக் கொடுத்தார்கள். பதற்றம் குறைந்து எலிகள் சாந்தமாகிவிட்டன. 'ஆகா!' என்று அதையே 29 ஆண்களுக்குக் கொடுத்தார்கள். 2017-ல் ரிசல்ட்: ஒரு மண்ணும் இல்லை. கலிபோர்னியாவில் 2013-ல் வேறு பாக்டீரியாக்கள் போட்டுப் புளிக்க வைத்த பாலை நாலு வாரம் பெண்களுக்குக் கொடுத்து மூளையை ஸ்கேன் பண்ணினார்கள். அங்கே மாற்றம் தெரிந்தது. எலிக்குக் கேட்டது மனுஷனுக்குக் கேட்கவில்லை. ஒருத்தரிடம் சோதித்ததை எல்லோருக்கும் பொது என்று எழுதிவிட முடியாது. ஹார்மோன் என்று ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டு எலி. நம்மூர்க் கதைதான் என்னைக் குத்தியது. இந்தியக் குடல்நோய் டாக்டர்கள் சங்கத்தின் ஆய்வு ஒன்று 2008-ல் வந்தது. ஊருக்குள் போய்க் கணக்கெடுத்தால், இந்த ஐ.பி.எஸ். ஆண், பெண் இருவருக்கும் கிட்டத்தட்ட சமம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை எண்ணினால், மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள்! மிச்சப் பெண்கள் எங்கே? வேறெங்கே, வீட்டில்தான். ஒரு டம்ளர் மோரில் பெருங்காயத்தைப் போட்டுக் குடித்துவிட்டு, நமக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மறு வாரம் அவளையும் கூட்டிக்கொண்டு பாலம் தாண்டினேன். டாக்டர் கேட்டார்: "எத்தனை நாளா வலிம்மா?"

"மூணு வருஷமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகியே நாலு வருஷம்தான்.

"மாசத்துல அந்த மூணு நாள் ஜாஸ்தியா இருக்கா?"

"ஆமா டாக்டர்."

"எடை குறைஞ்சிருக்கா? ரத்தம் போகுதா?"

இல்லை என்றாள். இருந்தால் சமாசாரமே வேறு, உடனே டெஸ்ட் எடுக்கணும் என்றார். நான் ஒரு தடவைகூட இதையெல்லாம் கேட்டதில்லை. என் மாத்திரையில் பங்கு கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன். டாக்டர் என்னை முறைத்தார்: "இனிமே நீங்க வைத்தியம் பார்க்காதீங்க."

வெளியே வந்து, "ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றேன்.

"சொன்னேனே. நீங்க மானேஜரைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க."

எனக்கு மார்ச்சில் மட்டும் மானேஜர். அவளுக்குப் பன்னிரண்டு மாதமும். அந்த மானேஜர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆவலாக, "டாக்டர் என்னடா சொன்னாரு?" என்றாள். சொன்னேன். அடுத்த நிமிஷம் வாசலில் அவள் குரல் கேட்டது:

"மருமவளும் ஐ.பி.எஸ்.ஸாம்டி!"