இல்லறத்தில் நட்பு

பாடசாலையில் யாம் பயின்றன பல. கணிதம் பயின்றோம், பூமிசாத்திரம் பயின்றோம், நன்னூற் சூத்திரங்களை மனனஞ் செய்தோம். ஆயினும், வாழ்நாளிற் பெரும்பகுதியை எவருடன் கூடி நடத்துகின்றோமோ, அவருடன் எங்ஙனம் பேசுவது, எங்ஙனம் பிணங்குவது, பிணங்கியபின் எங்ஙனம் இணங்குவது என்பவற்றை எவரும் எமக்குப் பாடமாகக் கற்பித்தாரல்லர். மணநாளன்று பெரியோர் அட்சதை தூவி வாழ்த்துவர். சுற்றத்தார் விருந்துண்டு செல்வர். இனி யாவும் தாமே நடைபெறும் என எல்லாரும் நம்புவர். கணவன் மனைவியர்க்கிடையே அன்பு தானே வளரும் என்னும் இந்நம்பிக்கை பிழையானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. நீர் பாய்ச்சாத நாற்று வாடுவதுபோல, பேணப்படாத அன்பும் வாடும்.

கல்லூரி விழா மலரில் எழுதத்தக்க பொருளோ இது எனச் சிலர் வினவலாம். பழைய மாணவருட் பெரும்பாலார் இல்லறத்தார். இன்று வகுப்பிலிருக்கும் மாணவர் நாளை இல்லறத்தாராவர். அவர்தம் வீடுகளில் நிலவும் அன்போ அன்பின்மையோ மறுநாட் காலை எம் வகுப்பறைகளில் பிள்ளைகளின் முகங்களிலே தெரிகின்றது. இரவெல்லாம் பெற்றோர் சச்சரவு கேட்டு உறங்காத பிள்ளைக்குச் சந்தி விதி விளங்குமா? ஆதலின் இஃது ஆசிரியர்க்கும் உரிய பொருளே.

மணத்துக்கு முன்னுள்ள காதலைப் பாடுவார் ஆயிரவர். திரைப்படங்களுட் பல தாலி கட்டும் காட்சியோடு முடிந்துவிடுகின்றன. மணத்துக்குப் பின்னுள்ள நாற்பது ஐம்பது ஆண்டுகளைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. எம் முன்னோர் அவ்வாறிருந்தாரல்லர். தொல்காப்பியர் களவியலோடு நிறுத்தாது கற்பியல் எனத் தனியோர் இயல் வகுத்தார். திருக்குறளின் காமத்துப்பால் இருபத்தைந்து அதிகாரங்கள் கொண்டது. பரிமேலழகர் பகுப்பின்படி அவற்றுள் ஏழே களவியல். எஞ்சிய பதினெட்டும் கற்பியல். அப்பதினெட்டும் பிரிவாற்றாமையில் தொடங்குகின்றன. நூல் முழுவதற்கும் இறுதியாகிய 133ஆம் அதிகாரம் ஊடலுவகை என்பதாம். கடவுள் வாழ்த்தில் தொடங்கிய பெருநூலொன்று, கணவனும் மனைவியும் பிணங்கிப் பின் கூடும் மகிழ்ச்சியிலே நிறைவுறுகின்றது. வாழ்க்கைத் துணையோடு கொள்ளும் உறவு கற்றோர் சிந்தனைக்குரியதன்று எனக் கூறுவார் இவ்வமைப்பைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

இன்னுமொன்று. மணப் பேச்சு எழுந்தவுடன் எமது வீடுகளில் சாதகக் குறிப்பை எடுத்துப் பத்துப் பொருத்தம் பார்க்கின்றோம். தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலில் தலைவன் தலைவியர்க்குரிய ஒப்புப் பத்தினைக் கூறுகின்றார். பிறப்பும் செல்வமும் அவற்றுள் அடங்கும். அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் நிறை, அருள், உணர்வு என்பனவும் அப்பத்தினுள் உள்ளன. தன்னைத் தான் அடக்கும் ஆற்றலும், பிறர் துன்பங் கண்டு இரங்கும் நெஞ்சும், சொல்லாததையும் அறிந்துகொள்ளும் அறிவும் இருவரிடத்தும் உளவோ என எத்தனை தரகர் வினவுகின்றனர்? எத்தனை பெற்றோர் வினவுகின்றனர்?

இனி எமது மலைநாட்டு வாழ்வை நோக்குவோம். காப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து இம்மாத்தளையை அடைந்தனர். மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880ஆம் ஆண்டிலேயாம். அவ்வாறு வந்தோர் குடியமர்ந்த லயத்து அறைகள் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவின. அவ்வோர் அறையிலே தாய் தந்தையரும், பிள்ளைகளும், சிலவிடங்களில் மணமான மகனும் மருமகளும் ஒருங்கே வாழ்ந்தனர். இன்றும் அவ்வாறு வாழ்வோர் உளர். கணவனும் மனைவியும் தனித்து நான்கு வார்த்தை பேசுதற்கும் அங்கு இடமில்லை. அன்பு மனத்தைப் பற்றியது என்பது மெய்யே. ஆயினும் அதற்கு ஒரு கதவும் ஒரு தாழ்ப்பாளும் வேண்டும். தோட்ட மக்களுக்குத் தனி வீடு வேண்டும் எனக் கேட்போர் கல்லையும் ஓட்டையும் மட்டும் கேட்கின்றாரல்லர். இல்லறம் நடத்துதற்குரிய மானத்தையும் சேர்த்தே கேட்கின்றனர்.

வறுமையின்மேற் பழியைப் போட்டுவிட்டு யாம் தப்பிக்கொள்ளவும் இயலாது. விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, பெரட்டுக்குச் சென்று, பொழுது சாயும்வரை கொழுந்து பறித்தோ பால் வெட்டியோ திரும்பும் பெண்ணுக்கு வீட்டில் மீண்டும் அடுப்படி காத்திருக்கின்றது. கவ்வாத்து வெட்டிய கணவன் தன் கணக்கு வேலையை முன்னரே முடித்து வந்து திண்ணையில் அமர்ந்திருப்பான். செக்றோலில் அவள் பெயர் தனியே இருந்தும், சம்பள நாளில் அவள் உழைத்த காசைக் கணவனோ தந்தையோ பெற்றுக்கொள்ளும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்திலும் குறைவாயிருந்த அநீதி 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே நீங்கிற்று. தோட்டக் கணக்கில் சமமாகிவிட்டவள் வீட்டுக் கணக்கில் சமமானாளோ என்பதே இன்றைய கேள்வி.

படித்தோர் இதனைப் பிறர் கதையென எண்ணி நகைத்துவிடலாகாது. நகரத்து வீடுகளிலே ஆசிரியையாகவும், தாதியாகவும், எழுதுவினைஞராகவும் பணிபுரியும் மனைவியின் வங்கி அட்டை யார் சட்டைப் பையில் இருக்கின்றது? தான் உழைத்த பணத்தில் தன் தாய்க்கு ஒரு சேலை வாங்குதற்கு அவள் எவர் முகத்தை நோக்குகின்றாள்? வடிவம் மாறியதேயன்றி வழக்கம் மாறவில்லை. தன்னிடம் அனுமதி கேட்டு நிற்பவளை ஒருவன் அதிகாரம் செய்யலாம். அவளோடு நட்புக் கொள்ள அவனால் இயலாது. நட்பு இல்லாத இடத்தில் ஆழ்ந்த காதலும் நிலைத்து நில்லாது.

மலைநாட்டிலேயே இதற்கு மாறானதொரு நல்லுதாரணமும் உண்டு. தஞ்சை மாவட்டத்திலிருந்து இந்நாட்டுக்கு வந்த கோ. நடேசய்யர், தோட்டத் தொழிலாளர்க்கென முதன்முதல் தொழிற்சங்கம் அமைத்தவர். தேசநேசன், தேசபக்தன் முதலிய பத்திரிகைகளை நடத்தியவர். 1931இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியவர். 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவானவர். இவை பலரும் அறிந்தவை. அவர்தம் மனைவியார் மீனாட்சியம்மையைப் பலர் அறியார். அவ்வம்மையார் கணவரின் பத்திரிகைப் பணியிற் பங்கு கொண்டார். எழுத்தறியாத் தொழிலாளர்க்கும் விளங்கும்படி அவர்தம் துயரைப் பாட்டாக இயற்றினார். கூட்டங்களிலே தாமே பாடினார். அப்பாடல்களை அச்சிட்டும் பரப்பினார். பெண்கள் மேடையேறுதல் அரிதாயிருந்த காலம் அது. கணவர் பேசவும் மனைவியார் பாடவும் தோட்டத்து மக்கள் திரண்டு கேட்டனர்.

அவர்தம் தனி வாழ்வைப் பற்றிக் கதை கட்டுதல் என் நோக்கமன்று. பொது வாழ்விற் கண்கூடாகத் தெரிந்த ஒன்றே போதும். மனைவியின் அறிவைக் கண்டு அஞ்சாத கணவரும், கணவரின் பணியைத் தம் பணியாகவும் கொண்ட மனைவியாரும் அங்கிருந்தனர். ஒருவரையொருவர் நோக்கியிருத்தல் இளமைக் காதலுக்குப் போதுமானதாகலாம். இருவருஞ் சேர்ந்து ஒரு பொருளை நோக்கும்போது உறவு ஆழமடைகின்றது. எல்லாரும் தொழிற்சங்கம் அமைக்க வேண்டுவதில்லை. வீட்டின் பின்புறத்திலே மிளகுக் கொடி வளர்த்தலாயினும், பிள்ளையின் படிப்பாயினும், கோயிற் பணியாயினும் இருவர்க்கும் பொதுவான ஒரு நோக்கு இருத்தல் வேண்டும்.

மேலை நாட்டு ஆராய்ச்சியும் எமது நூலோர் கருத்துக்கு அரண் செய்கின்றது. அமெரிக்காவில் ஹாவாட் பல்கலைக்கழகத்தார் 1938ஆம் ஆண்டு தொடங்கிப் பல நூற்றுவர் வாழ்வைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து ஆராய்ந்தனர். முதுமையில் உடல்நலத்தையும் மகிழ்ச்சியையும் தருவனவற்றுள் நெருங்கிய நல்லுறவுகள் முதன்மையானவை என்பது அவர் கண்ட முடிவு. ஜோன் கொட்மன் என்னும் உளவியலறிஞர் தம்பதியரை உரையாட விட்டு அவர்தம் சொல்லையும் முகக்குறிப்பையும் கணக்கிட்டார். பிணக்குற்ற வேளையிலும் ஒரு கடுஞ்சொல்லுக்கு ஐந்து இன்சொல் என்னும் அளவு இருக்குமாயின் அவ்வுறவு நிலைக்கின்றது என்றும், உறவை அழிப்பனவற்றுள் கொடியது இகழ்ச்சி என்றும் அவர் கூறினார். சண்டையே இடாத தம்பதியர் சிறந்தோர் என அவர் கூறவில்லை. ஊடலை உணவுக்கு உப்பாகக் கொண்ட எம் புலவர் மரபுக்கு இது புதிய செய்தியன்று.

அங்ஙனமாயின் செய்ய வேண்டுவன யாவை? எளியவை சிலவற்றைக் கூறுவேன்.

முதலாவது, நாடோறும் சிறிது நேரமாவது இருவரும் பேசுதல். அரிசி விலையும் மின்கட்டணமும் பேச்சாகா, அவை கணக்கு. இன்று உன் மனம் எவ்வாறிருந்தது என வினவி, விடை முடியும்வரை கேட்டிருத்தலே பேச்சு. கைத்தொலைபேசியை நோக்கியவாறு தலையசைத்தல் கேட்டலாகாது.

இரண்டாவது, வருவாயும் செலவும் கடனும் இருவர்க்கும் தெரிந்திருத்தல். மனைவியறியாமற் பட்ட கடனும் கணவனறியாமற் பிடித்த சீட்டும் வெளிப்படும் நாளில், இழந்த பணத்தினும் இழந்த நம்பிக்கையே பெரிதாகத் தோன்றும்.

மூன்றாவது, வீட்டு வேலையைப் பகிர்தல். உதவி செய்கின்றேன் எனக் கூறும் கணவன் அவ்வேலை அவளுடையதென்றே இன்னும் எண்ணுகின்றான். உண்பது இருவருமாயின் அடுப்பும் இருவர்க்கும் உரியதே.

நான்காவது, பிணக்கிலும் எல்லை காத்தல். பிறந்த வீட்டை இகழ்தல், பிள்ளைகள் முன் ஏசுதல், பழையதைத் தோண்டுதல் ஆகியவற்றை விலக்குக. கையோங்குதல் பிணக்கின் பாற்படாது, அது குற்றம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றிற் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அடிக்கின்றவனிடம் பொறுமையாயிரு என்று பெண்ணுக்கு மட்டும் புத்தி கூறும் பெரியோர் இதனை அறிதல் வேண்டும். ஆழ்ந்த உறவைப் பற்றி யான் கூறுவன யாவும் அச்சமில்லாத வீட்டுக்கே பொருந்தும்.

ஐந்தாவது, பிரிவுக் காலத்தைப் பேணல். 1980கள் முதலாக மலைநாட்டுப் பெண்கள் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்கின்றனர். கணவர் பலர் கொழும்பில் உழைக்கின்றனர். பொருள்வயிற் பிரிவு என்பது சங்கப் பாடல்களில் தலைவன் செயல். இன்று தலைவியே பிரிந்து செல்கின்றாள். பணம் வந்ததா என்னும் வினாவோடு தொலைபேசி உரையாடல் முடிந்துவிடுமாயின், இரண்டாண்டின் பின் விமான நிலையத்திற் சந்திப்போர் இரு அயலாரே. அனுப்பிய பணத்துக்குக் கணக்கும், அனுப்பியவளின் தனிமைக்கு ஆறுதலும் அவளுக்குக் கொடுக்கவேண்டிய கடன்.

மனைவியோடு நட்புப் பாராட்டினால் மதிப்புக் கெடும் எனக் கூறும் முதியோர் இன்றும் உளர். அச்சத்தால் வரும் மதிப்பு அச்சம் நீங்கியவுடன் நீங்கும். பிள்ளைகள் வளர்ந்து பிரிந்து சென்றபின், உத்தியோகம் ஓய்ந்தபின், தள்ளாத வயதில் அருகிருந்து மருந்து கொடுப்பவர்க்கு எம்மீது அச்சம் எதற்கு? அன்று கைகொடுப்பது, இளமை முதல் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்த நட்பு ஒன்றே. அந்தச் சேமிப்பை அறுபதாம் வயதில் திடீரெனத் தொடங்க முற்படுவோர் படும்பாடு பெரிது.

எனவே எம் கல்லூரிச் சமூகத்தார்க்கு ஒரு விண்ணப்பம். உயர்தர வகுப்பு மாணவர்க்கு இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணைநலம் ஆகிய அதிகாரங்களைக் கற்பிக்கும்போது சொற்பொருளோடு நிறுத்தாது, இன்றைய வீட்டில் அதன் பொருள் யாதென ஆசிரியர் வினவி மாணவரைப் பேச விடுவாராக. பழைய மாணவர் சங்கக் கூட்டங்களுக்கு அன்பர்கள் தம் மனைவியரையும் அழைத்து வந்து, பின்வரிசையில் அமர்த்தாது, கருத்துரைக்கவும் இடமளிப்பாராக. மாணவர்காள், நும் தாயார் சுமக்கும் குடத்தை இன்றே வாங்கிச் சுமக்கப் பழகுமின். நாளை நல்ல கணவராதற்கு அதுவே முதற்பாடம்.

மாசி மகத்தன்று எமது முத்துமாரியம்மன் கோயில் ஐந்து தேர்களும் மாத்தளை வீதியில் வருகின்றன. வடத்தை ஒரு பக்கத்தார் மட்டும் இழுத்தால் எத்தேரும் நேரே செல்லாது. இல்லறத் தேருக்கும் அதுவே விதி. விழாக் காணும் எம் கல்லூரி அறிஞரையும் அலுவலரையும் ஆக்கியது போல, நல்ல வாழ்க்கைத் துணைவரையும் ஆக்குவதாக.