முனையை மறைத்த முள்

புடவைத் தலைப்பில் ஊக்குக் குத்துகிறீர்கள். அதன் முனையை வெளியே நீட்டிக்கொண்டிருக்க விடுவீர்களா? போகிற இடமெல்லாம் எதிலாவது மாட்டிக் கிழித்துவிடும் அல்லவா? தூண்டில்காரர்களும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தார்கள்!

1949-ல் அமெரிக்காவில், ஒஹாயோ மாகாணத்து ஆக்ரன் நகரில், நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவி காஸ்மாவும் வினைல், எண்ணெய், சாயம் எல்லாவற்றையும் வீட்டிலேயே காய்ச்சி, மெத்தென்ற செயற்கைப் புழுவை வார்த்தார்கள். பாஸ் மீன்கள் ஏமாந்தன. ஆனால் வெளியே நீட்டிய முள், டெக்ஸாஸ் ஏரிகளில் மூழ்கிக் கிடந்த மரக்கிளைகளில் மாட்டிக்கொண்டது. நரம்பு அறுந்தது, புழுவும் போயிற்று, மீனும் போயிற்று!

டெக்ஸாஸ்காரர்கள் முள்ளை மாற்றிக் கோத்தார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தூண்டில் ஆசை உண்டானால் சொல்லிக் கொடுங்கள்.

முதலில் நரம்பில் தோட்டா வடிவ ஈயக் குண்டைக் கோத்து, பிறகு முள்ளைக் கட்ட வேண்டும். முள்முனையைப் புழுவின் தலையில் கால் அங்குலம் செலுத்திப் பக்கவாட்டில் வெளியே எடுக்க வேண்டும். முள்ளின் காது தலைக்குள் மறையும் வரை இழுத்து, முள்ளைத் திருப்பி, முனையைப் புழுவின் உடம்பிலேயே புதைக்க வேண்டும். குத்துமுன் முள்ளைப் புழுவின் பக்கத்தில் வைத்து அளவு பார்ப்பது நல்லது. புழு சுருங்கி வளைந்தால் தண்ணீரில் சுழலும், நரம்பும் முறுக்கிக்கொள்ளும்.

மீன் கவ்வியதும் பலமாகச் சுண்ட வேண்டும். அப்போதுதான் முனை புழுவைத் துளைத்து வெளிவரும்.

அறுந்து போன நரம்பு நீர்ப்பறவையின் காலைச் சுற்றிக்கொள்ளும். முனையை மறைத்தால் அந்தப் பாவமும் குறையும், சகோதரிகளே!