தேய்ச்சுக் குளி என்கிற வைத்தியம்

'கழுத்தைத் தேய்ச்சுக் குளிக்க மாட்டியா?' சேரியிலிருந்து பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இந்த வசனம் பழக்கம். வாத்தியார் சொன்னால் சாதித் திமிர் என்று விளங்கிவிடும். டாக்டரும் அதையே சொன்னால்? எங்கள் தெருப் பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது என் காதால் கேட்டது: 'உங்க கலரே அப்படித்தானே, இதுல என்னத்தப் பார்க்கச் சொல்றீங்க?'

கருப்பாய்ப் பிறப்பது நோயல்ல. பிறவி நிறத்தின்மேல் புதிதாய் வந்து படிகிற கருமை வேறு சங்கதி. கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட்டு மாதிரி தடித்துக் கறுத்தால், பெரும்பாலும் உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படவில்லை என்று அர்த்தம். சர்க்கரை நோய் வாசலில் நிற்கிறது. எந்தச் சோப்பும் அதைக் கழுவாது. விரல் கணுக்கள் கறுத்தால் பி12 சத்துக் குறைவாக இருக்கலாம். ஊசி போட்டால் பெரும்பாலும் மங்கிவிடும். உள்ளங்கை ரேகையும் ஈறும் தழும்பும் கறுத்து, ஆளும் மெலிந்து, எழுந்து நின்றால் கிறுகிறுத்தால், அட்ரினல் சுரப்பி பழுதாகியிருக்கலாம். 1855-இல் தாமஸ் அடிசன் எழுதிவைத்த நோய் இது. காசநோயாலும் வரும். காசநோய் யார் குடிசையில் குடியிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கண்டுபிடிக்காமல் விட்டால் உயிரே போகும்.

கண்டுபிடிக்க என்ன வேண்டும்? வாயைத் திறக்கச் சொல்லணும், கையை விரிக்கச் சொல்லணும், தோலைத் தொட்டுப் பார்க்கணும். எப்போதிருந்து, என்ன மாத்திரை, என்ன களிம்பு, என்ன வேலை என்று கேட்கணும். ரத்தப் பரிசோதனை அதற்கப்புறம். காலணா செலவில்லாத முதல் படியிலேயே தீண்டாமை குறுக்கே நிற்கிறது. தொடணுமே!

விஞ்ஞானமும் யோக்கியமாக இல்லை. 1975-இல் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்த தோல் வகைகள் வெள்ளைத் தோலுக்கானவை. பழுப்பும் கருப்பும் பின்னால் ஒட்டியவை. அதே 1975-இல்தான் இங்கே ஃபேர் அண்ட் லவ்லி கடைக்கு வந்தது. 2020-இல் பெயரிலிருந்து 'ஃபேர்' போனது, மண்டையிலிருந்து போகவில்லை. டாக்டர் விரட்டிய பெண் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசுகிறாள். சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-இல் உத்தரவு வந்தது. எங்கள் பக்கத்துக் கடைகளில் சீட்டு கேட்டு நான் பார்த்ததில்லை. தோல் மெலிந்து, பரு வெடித்து, முகமே ரணமாகிறது.

எங்களைச் சிவப்பாக்கச் சொல்லி யாரிடமும் வரவில்லை. கருப்பு எங்களுக்குச் சம்மதம்தான். அதில் எது புதுசு, எது நோய் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவருக்கு எதற்கு டாக்டர் பட்டம்? பாடப்புத்தகத்தில் எங்கள் தோலின் படத்தைப் போடுங்கள். எங்கள் கையைப் பிடித்துப் பாருங்கள். பிறகு பேசலாம்.