படிக்கொரு பாட்டு உண்டு. பசிக்கொரு பாட்டு வேண்டாமா?

டிசம்பர் 31 வந்தால் தணிகை மலையின் 365 படிகளிலும் கற்பூரம் எரிகிறது. படிக்கொரு திருப்புகழ் ஒலிக்கிறது. அம்மலையின் அடிவாரத்திலே, தேநீர்க் கடையொன்றில், தமிழ்ப் புலமை மிக்க பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "இன்குலாப்பா? எந்தத் தொகுப்பைப் பிரித்தாலும் சேரி, பசி, குருதி! சொன்னதையே சொல்வது கவிதையாகுமா, தம்பி? முழக்கமன்றோ அது!"

சொன்னதையே சொன்னாராம்! குற்றச்சாட்டைப் பாரீர்!

ஐயா, அருணகிரியார் என்ன செய்தார்? பாட்டுக்குப் பாட்டு மாதர் மயக்கத்தைப் பழித்தார், நமனுக்கு நடுங்கினார், திருவடி தர வேண்டினார். ஊர்ப் பெயர் மாறிற்று, சந்தம் மாறிற்று, பொருள் மாறிற்றா? அவர் திரும்பத் திரும்பப் பாடினால் பக்தி. இவர் திரும்பத் திரும்பப் பாடினால் முழக்கமா? பெண்ணைப் பழிக்கும் பாட்டு ஆயிரம் முறை இனிக்கும். ஏழைக்காக அழும் பாட்டு இரண்டாம் முறையே கசக்குமோ? நோய் தீராதவரை மருத்துவர் அதே மருந்தைத்தானே எழுதித் தருவார்?

யார் இந்த இன்குலாப்? கீழக்கரையில் 1944-இல் பிறந்த சாகுல் அமீது. சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்த பேராசிரியர். 1965 இந்தி எதிர்ப்புப் போரில் நின்ற மாணவர். 'வெள்ளை இருட்டு', 'சூரியனைச் சுமப்பவர்கள்', 'காந்தள் நாட்கள்' எனத் தொகுப்புகள் வந்தன. அவற்றிலெல்லாம் மனிதனை மனிதன் மிதிக்கும் கொடுமையே கூண்டில் நிறுத்தப்பட்டது. அவருடைய 'மனுசங்கடா' பாடலைக் கே.ஏ. குணசேகரன் பாடினார், ஏடறியா மக்களும் அதைத் தம் குரலாக்கிக் கொண்டனர். 'ஔவை' நாடகத்திலோ, கோலூன்றிய கிழவி என்று நாம் நம்பிய ஔவையை உயிர்த்துடிப்புள்ள பாண்மகளாக மீட்டுத் தந்தார்.

தோழனே, பெரியவருக்கு விடை சொல்லியாயிற்று. இனி உனக்கும் எனக்கும் ஒரு வார்த்தை.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணிக் குடிசையொன்றில் 44 உயிர்கள் கருகின. கூலியாக நெல் கூடுதலாகக் கேட்டதா குற்றம்? அப்போது கோட்டையில் இருந்தவர் யார்? நம் அண்ணா! அந்த நெருப்பு கவிஞரின் நெஞ்சைச் சுட்டது. அவர் மார்க்சியத்தின் பக்கம் நடந்தார். "துரோகி" என்று தூற்றிவிட்டால் வெண்மணிச் சாம்பல் மறைந்துவிடுமா? இராசராசன் புகழை நாம் மேடைதோறும் முழங்கினோம். அப்புகழுக்கு அடியிலே நசுங்கிய உழைப்பாளியைப் பற்றி இன்குலாப் கேட்டார். எதிர்ப்பு எழுந்தது, எவர் வினாவுக்கும் அஞ்சாதவர் என்று தருக்கும் பகுத்தறிவாளரில் எத்தனை பேர் அவர் பக்கம் நின்றோம்? கடவுளைக் கேள்வி கேட்கத் துணிந்த நாம், மன்னனைக் கேட்கக் கூசினோம். வெட்கம்!

அவர் சொல்லும் வாழ்வும் ஒன்றாயிருந்தன. 2016 டிசம்பர் 1-இல் மறைந்தார்; உடல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றது. 'காந்தள் நாட்கள்' நூலுக்கு 2017-இல் சாகித்திய அகாதமி பரிசு வந்தது. ஏற்பது அவர் கொள்கைக்கு இழுக்கு என்று குடும்பத்தார் மறுத்துவிட்டனர். பரிசுக்குக் காத்துக் கிடக்கும் கவிராயர்கள் கவனிக்கட்டும்!

தணிகை தமிழகத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-இல். மொழிக்காக ஒரு மண்ணை மீட்டோம். சரி, அந்த மண்ணில் சேரிக்கும் ஊருக்கும் இடையே கிடக்கும் எல்லையை எவர் அழிப்பது? அதற்குப் போராடவும் ஒரு பாட்டு வேண்டும். அது ஏட்டில் எழுதியிருக்கிறது. 365 படிக்கும் பாட்டு வைத்திருப்போர் வைத்திருக்கட்டும். நீ நூலகப் படியேறு, இன்குலாப்பைக் கேட்டு வாங்கு, படிப்பகத்தில் உரக்கப் படி!

சொன்னதையே சொல்கிறார் என்பார்கள். சொன்னது நடக்கும்வரை சொல்வோம் என்று சொல்!